கடைசியிலிருந்து இழுத்தது

பட்டணத்தில் வேலை பார்க்கும் மகள் சந்தனமாரியின் கவிதை பத்திரிகையில் வந்திருந்தது. "நம்ம உப்பளத்தப் பத்திதாம்ப்பா. வாசிச்சிட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பியிருந்தாள். அவள் ஊர்ப்பக்கம் வந்து ரொம்ப நாளாகிறது. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். மனைவி பேச்சித்தாய்க்குக் கேட்கும்படி வாசித்தேன்.

உப்புப் பாத்தியில் விழித்திருக்கிறது வீடு
காற்று வெயிலை உரிக்கிறது
சாலை நீள்கிறது
நான் எங்குமில்லை

எல்லாம் தெரிந்த சொற்கள்தான். சேர்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

"வெயிலுக்கு ஏது தோலு?" என்றாள் பேச்சித்தாய். "புள்ள கேட்டா என்ன சொல்லுவீய?"

நல்லாயிருக்கு என்று சும்மா சொல்ல மனசு வரவில்லை. உப்பு வாரும்போது பாத்தியின் அந்தக் கடைசி ஓரத்தில் பலகையைப் போட்டு, நிற்கிற இடத்துக்கு இழுத்து வருவோம். எனக்குத் தெரிந்தது அந்த வேலைதான். கடைசி வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து மேலே மேலே இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து விரல் நின்றது. பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சந்தனமாரி போனில் கூப்பிட்டாள். "புரிஞ்சுதாப்பா?"

"மேலருந்து வாசிச்சா புரியல தாயி. கீழருந்து இழுத்தேன். எங்கயும் இல்லாத புள்ள, ரோட்டப் புடிச்சி, காத்துலயும் வெயில்லயும் நடந்து வீட்டுக்கு வந்துட்டு. வீடும் தூங்காம இருக்கு. தப்பா வாசிச்சிட்டனோ?"

அந்தப் பக்கம் பஸ்களின் இரைச்சல் தள்ளிப் போனது; ஓரமாக ஒதுங்கினாள் போல.

"யப்பா" என்றாள் பிறகு. "இன்னொருக்க வாசிங்க. கீழருந்தே."