அட்டைக்கு மட்டும் சர்வர் டவுன்

"சர்வர் டவுன்னு சொன்னா புரியாதாண்ணா உங்களுக்கு?"

கவுன்டரில் இருந்த காவியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்பத்தானே ஒரு அம்மாவ உள்ள அனுப்புன?" தீர்த்தகிரியின் குரல் உயர்ந்தது.

"அவங்க கேஷ். கேஷுக்கு சர்வர் வேணாம். அட்டைக்குத்தான் வேணும்."

"வாசல்ல என்னா எழுதி வச்சிருக்கீங்க? 'அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்கப்படும்'னு போட்டிருக்குதா இல்லையா?"

"நாளைக்கு வாங்க."

"போன வாரமும் இதையேதான் சொன்ன!"

ஓசூரில் அவர்கள் ஏறி இறங்கிய மூன்றாவது ஸ்கேன் சென்டர் அது. முதல் இடத்தில் அட்டையைப் பார்த்ததுமே கையை விரித்தார்கள். அடுத்த இடத்தில், ஸ்கேன் பார்க்கிற டாக்டர் லீவு என்றார்கள். எப்போது வருவார் என்று கேட்டால், அது தெரியாது என்றார்கள்.

தீர்த்தகிரி சிப்காட்டில் லோடு ஏற்றும் கான்ட்ராக்ட் தொழிலாளி. மனைவி முனிலட்சுமிக்குத் தளி பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிற வேலை. வயிற்றில் கட்டி மாதிரி தெரிகிறது, தள்ளிப் போடாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அரசு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெறும் வயிற்றோடு போகச் சொன்னதால், விடிந்ததிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வயிற்றைப் பிடித்தபடி நாற்காலியில் சுருண்டு கிடந்தாள்.

"கம்முனு வாய்யா, போலாம்" என்றாள்.

"எங்க போறது? நாளைக்கு, நாளைக்குன்னே ஓட்டுறாங்க. கட்டி இவங்களுக்காகக் காத்துக்கினு இருக்குமா?" அட்டையைக் கவுன்டரில் ஓங்கி அடித்தான். "கூப்பிடு உங்க டாக்டர! முடியாதுன்னு அவரு வாயால சொல்லட்டும்!"

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓசியில பாக்க வந்துட்டு என்னா சவுண்டு" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

உள் கதவு திறந்தது. சென்டரின் சொந்தக்காரர் டாக்டர் பிரதாப் வெளியே வந்தார்.

தீர்த்தகிரி சண்டைக்குத் தயாரானான்.

"என்ன காவியா இது? அட்டையோட வந்தா மனுஷங்க இல்லையா?" எல்லோர் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்ட டாக்டர், முனிலட்சுமியிடம் வந்து குனிந்தார். "ரொம்ப வலிக்குதாம்மா? வாங்க, நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

கையைப் பிடித்து எழுப்பி, மெல்ல நடத்திப் போனார்.

தீர்த்தகிரி பின்னாலேயே போய்க் கைகூப்பினான். "மன்னிச்சிக்கங்க சார். கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன்."

"பரவால்லப்பா. உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

கதவு பாதி மூடியது. தீர்த்தகிரி காவியாவிடம் திரும்பினான்.

"பாத்தியா? பெரியவங்க நல்லவங்களாத்தான் இருக்காங்க. நடுவுல இருக்கற உங்களாலதான் எல்லாம் கெடுது."

அவள் உள் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்திலேயே உள்ளிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"அவ்ளோதாம்மா. படம் எடுத்தாச்சு. எறங்குங்க."

அதற்குள்ளாகவா? தீர்த்தகிரி கதவருகே போய் எட்டிப் பார்த்தான்.

முனிலட்சுமி ஸ்கேன் மிஷினின் பலகையில் படுத்திருந்தாள். மிஷினில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அவளுக்கு எதிரே, பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா தலைமேல நீங்க கை வச்சிருக்கீங்க பாருங்க, அந்த போட்டோதான் டாக்டர் சூப்பர். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்துடும். 'ஏழைகளின் டாக்டர்'னு தலைப்பு."

டாக்டர் சிரித்தார். "எறங்குங்கம்மா. சர்வர் வந்ததும் காவியா ஃபோன் பண்ணுவா."

தீர்த்தகிரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கதவை ஓங்கித் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் முனிலட்சுமியின் குரல் வந்தது.

"தம்பி, அந்தக் கேமராவ வெளிய எடு."

அவள் இறங்கவில்லை. பலகையின் இரண்டு ஓரங்களையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பத்திரிகைக்காரர் அவளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேமராவைத் தூக்கினார்.

டாக்டரின் முகம் வெளுத்தது.

"நீங்க எடுத்தது உங்க படம் சார்" என்றாள் முனிலட்சுமி, விளக்கு எரியாத மிஷினைக் கண்ணால் காட்டி. "இப்ப என் படத்த எடுங்க."