கண்ணாடிக்குள் ஒரு பின்னல்

சிஞ்ஞோரா எமிலியா பதக்கத்தை மூக்கு நுனிவரை கொண்டுபோனார்.

கட்டிலருகே நின்ற வேலைக்காரி அகஸ்ரீனா அவருடைய முகத்தையே பார்த்தாள்.

இரண்டு யூரோ காசளவு கண்ணாடி, சுற்றிவரக் கறுப்பு விளிம்பு. உள்ளே, பாய் இழைத்ததுபோல் நெருக்கமாகப் பின்னிய செம்பட்டைத் தலைமயிர்.

கிழவியின் கண்ணில் இது விலைபோனால் அகஸ்ரீனா தப்பினாள். போகாவிட்டால் வேலை போகும். வேலைக் கடுதாசி இல்லாமல் ஜனவரியில் இத்தாலியில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. பதினொரு வயது மகள் அமலினியையும் கையில் பிடித்துக்கொண்டு பிறகு எந்த நாட்டுக் கதவைத் தட்டுவது?

எல்லாம் செப்டெம்பரில் தொடங்கியது. இழுப்பறையைத் துடைக்கும்போது இது அகப்பட்டது. அடைத்துவைத்த தலைமயிர். பின்பக்கம் கீறிய பெயர், எமிலியா. சிஞ்ஞோராவுக்கோ இரண்டு மாதமாகக் கால் வீக்கம், நித்திரையும் இல்லை.

அகஸ்ரீனா ஞாயிறு பூசையில் முன்வாங்கில் முழந்தாளிடுகிறவள்தான். அதற்காக, மன்னாரில் பிறந்தவளுக்குச் செய்வினை தெரியாமல் போய்விடுமா?

தெரியாத மிச்சத்தைச் செய்வினை கழிக்கிற பரமேஸ்வரி அக்கா போனில் நிரப்பினாள்.

“உயிரோடை இருக்கிற ஆளின்ரை மயிரை அடைச்சு வைச்சால் ஆள் உருகும், பிள்ளை. அது மண்ணுக்குள்ளை போச்செண்டால் ஆளும் பின்னாலை போகும். உப்பும் செத்தல் மிளகாயும் போட்டு எரி. எனக்கொண்டும் தரவேண்டாம், மனுசியின்ரை பழைய குளிர்ச்சட்டை ஏதும் கிடந்தால் பார்த்து வை.”

கண்ணாடியைக் கழற்றி மயிரை மட்டும் எரித்தாள். பல்கனியில், பாஸ்தா அவிக்கும் சட்டியில். மூன்றாம் நாள் கால் வீக்கம் வற்றியது. அதற்கு முதல்நாள் டொக்டர் மருந்தை மாற்றியிருந்தார் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

ஒக்டோபரில் சிஞ்ஞோரா சொன்னார், இறந்தோர் நாளுக்கு என் பதக்கத்தை எடுத்துவை என்று. வருசத்தில் அந்த ஒருநாள்தான் அதை அணிவாராம். விக்டோரியா மகாராணி காலத்தில், வைன் வியாபாரியான புருசனோடு இங்கிலாந்திலிருந்து பலெர்மோவுக்கு வந்த வெள்ளைக்காரப் பூட்டியின் கைவேலை. காய்ச்சலில் செத்த மகளின் தலைமயிரை அவளே பின்னிக் கண்ணாடிக்குள் வைத்தாளாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரிகளுக்குத் துக்கமும் அதுதான், நகையும் அதுதான். செத்த பிள்ளையின் பெயர் தலைமுறை தாண்டிச் சிஞ்ஞோராவுக்கும் வந்திருந்தது.

அகஸ்ரீனா அடுத்தநாளே மாற்றுமயிர் தேடிப் புறப்பட்டாள்.

பல்லறோ சந்தையில் ஆபிரிக்கப் பெண்கள் சவுரிமுடி விற்பார்கள். மூன்று கடை ஏறி இறங்கி, விலையைப் பாதியாக்கி, வெளியே வந்து பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக். வெயிலில் மீன்வலைபோல மினுங்கியது. அவளுடைய சொந்தத் தலைமயிரோ தும்புக்கட்டை, அதிலும் பாதி நரை.

பிறகு சரக்குக் கிடைத்தது. நல்ல சரக்கு. மெல்லிசு, செம்பட்டை, இளசு. எங்கிருந்து வந்தது என்று வியாபாரம் தெரிந்த எவரும் கேட்பதில்லை. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் பின்னினாள்.

இப்போது சிஞ்ஞோரா பதக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பூ விழுந்த கண்தான். ஆனாலும் மீன் வாங்கினால் செவுளைக் கிளப்பிப் பார்க்காமல் காசு எடுக்காத மனுசி.

“போன வருசத்தைவிட வடிவாயிருக்கு. துடைச்சனியா?”

“ஓம், சிஞ்ஞோரா.”

பொய்யில்லை. கண்ணாடியைத் துடைத்துத்தான் இருந்தாள்.

கிழவி அதை உதட்டில் ஒற்றிக்கொண்டார். விலைபோயிற்று. அகஸ்ரீனா அதை வாங்கி இழுப்பறையில் வைக்கக் கையை நீட்டினாள்.

“அங்கை வேண்டாம்.” சிஞ்ஞோரா அலுமாரியைக் காட்டினார். பொலித்தீன் உறைக்குள் சாம்பல் நிறப் பட்டுச் சட்டை தொங்கியது. கடைசிப் பயணத்துக்கென்று தானே அளவு கொடுத்துத் தைப்பித்தது. “அதிலை குத்திவிடு. நத்தார்ப் பண்டிகைக்கு அங்காலை டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை. எமிலியா என்னோடை பெட்டிக்குள்ளை வரட்டும். மகனுக்கும் சொல்லிப்போட்டன், பெட்டியை மூட முன்னம் அவன் பார்ப்பான்.”

ஊசி பட்டின்மேல் நின்றது. உள்ளே இறங்கவில்லை.

“நீங்கள் நூறு வயசுக்கு இருக்கவேணும், சிஞ்ஞோரா.” அகஸ்ரீனாவின் குரல் உடைந்துபோயிற்று. “கட்டாயம் இருக்கவேணும்.”

கிழவி நெகிழ்ந்துபோய் அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார். பெற்ற மகன்கூடத் தனக்காக இப்படி அழுததில்லை.

குசினி வாசலில் அமலினி வந்து நின்றாள். இன்று இறந்தோர் நாள், பள்ளிக்கூடம் இல்லை. கையில் சீனிப் பொம்மை. இந்த நாளில் செத்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள் என்று சொல்லிக் காலையில் சிஞ்ஞோரா கொடுத்தது. பொம்மையின் தலையைத் தின்று முடித்திருந்தாள்.

மற்றக் கையால் வெறும் பிடரியைத் தடவினாள். கோடை முழுக்க மொந்தெல்லோக் கடலில் குளித்துச் செம்பட்டையாகிப்போன பின்னல், போன கிழமைவரை அங்கே தொங்கியது.

“அம்மா, பேன் எல்லாம் போயிட்டுதுதானே? இனி வளரவிடலாம்தானே?”