அம்சவல்லியின் இடது கண்

"கண்ணு இருட்டுதா? இன்னிக்குச் சனிக்கிழமை, தானா ராத்தா டவுனுல புதுப் படம். உனக்கு எப்படி அம்சவல்லி இருட்டாம இருக்கும்?"

கங்காணி முருகையா இப்படிக் கேட்டதும், தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடை குலுங்கச் சிரித்தார்கள். போலி நோயைப் பிடிப்பதில் அந்தத் தோட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வயிற்றுவலி என்று படுத்தவனின் வாசலில் ஆட்டுக்கறி வதக்கச் சொல்லி அவனை எழுப்பியவர் அவர்.

"சத்தியமாத்தான் கங்காணி. இடது கண்ணு மட்டும். மேல இருந்து கறுப்புத் துணியை இறக்குன மாதிரி மூடுது. வலி ஒண்ணும் இல்ல. வெத்தலை மடிச்சுப் போடுற நேரம்தான், அப்புறம் தானா வெளுத்துருது."

முருகையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது பித்தம்லா. எல்லாருக்கும் வர்றதுதான். இஞ்சித் தண்ணி குடி, போயிரும்."

"ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். சந்தேகமா இருந்தா நீங்களே கூட வாங்களேன்."

"வரேன்! டாக்டர் வாயாலயே பொய்யின்னு சொல்ல வைக்கிறேன். அப்புறம் ஒரு மாசம் உனக்கு உச்சிக் காடுதான்."

உச்சிக் காடு என்றால் மூச்சு முட்ட ஏறவேண்டிய, அட்டை மொய்க்கும் சரிவு. அம்சவல்லி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

தோட்டத்து லோரியிலேயே இருவரும் தானா ராத்தாவுக்குப் போனார்கள். இன்று ஒரு பொய் பிடிபடப் போகிறது என்று முருகையா வழியெல்லாம் டிரைவரிடம் அளந்துகொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் டாக்டர், தமிழர். அம்சவல்லி சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது.

"இது கண்ணுல உள்ள கோளாறு இல்லம்மா. மூளைக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் கழுத்துல அடைச்சுக்கிட்டே வந்தா, அதுலேர்ந்து ஒரு துணுக்கு உடைஞ்சு கண்ணுக்குப் போகும். கொஞ்ச நேரம் இருட்டிட்டுச் சரியாயிரும். அடுத்த துணுக்கு மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துரும், பேச்சு போயிரும். இது எச்சரிக்கை. நல்லவேளை வந்தீங்க."

முருகையா நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பித்தமா இருக்காதா டாக்டர்?"

"பித்தம் ஒரு கண்ணை மட்டும் பாத்தா வரும்?"

டாக்டர் அம்சவல்லியின் கழுத்தில் இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "கழுத்து சுத்தமா இருக்கு. கண்ணும் நல்லா இருக்கு. ஒண்ணும் தட்டுப்படலையே!"

முருகையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துள்ளி எழுந்துவிட்டார். "பாத்தீங்களா! காலையிலேயே சொன்னேன்லா! எல்லாம் நடிப்பு!"

"ஆமாங்க டாக்டர், நடிப்புதான்" என்றாள் அம்சவல்லி. "என் கண்ணு என்னைக்கும் இருட்டுனதே இல்ல."

டாக்டர் திகைத்தார். முருகையா மீசையைத் தடவிக்கொண்டார்.

"இருட்டுறது இவருக்குத்தான். கொழுந்து நிறுக்கிறப்ப இடது கண்ணைக் கசக்கிக்கிட்டு, தராசுக் கொக்கியைக் காத்துல தேடுறாரு. எங்க மாமனாருக்கும் இப்படித்தான் வந்து வந்து போச்சு. அடுத்த மாசமே ஒரு பக்கம் விழுந்துருச்சு. வாங்கன்னு கூப்பிட்டா இவரு வருவாரா? என் பொய்யைப் பிடிக்கணும்னாத்தான் ஓடி வருவாரு."

டாக்டர் முருகையாவை உட்காரவைத்து அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடப்பக்கம் வெகுநேரம் கேட்டார். "உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது, அடைப்பு இருக்கு. நீங்க இன்னிக்குத் தோட்டத்துக்குத் திரும்ப வேணாம். இப்பவே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறேன். காலத்தோட வந்துட்டீங்க, பயப்படாதீங்க."

முருகையாவின் கண்கள் கலங்கின, இரண்டுமே. "எனக்காகவா புள்ள இத்தனை பொய்யி?"

"பின்ன?" என்றாள் அம்சவல்லி. "உங்க வாய்க்குப் பழகவே எங்களுக்குப் பத்து வருசம் ஆச்சு. புதுக் கங்காணி வந்தா, திரும்பவும் முதல்லேர்ந்தா?"