புல்லுக்கு அறுபது நாள்

"கடப்பத் திறந்தியெண்டா மச்சானெண்டும் பாக்க மாட்டன், சாலிஹ்!"

மேய்ச்சல் தரையின் வேலிக் கடப்பை மறித்துக்கொண்டு கையில் தடியோடு நின்றான் மீராசா. வெளியே தங்கை ஹாஜறாவின் புருசன் சாலிஹ். அவனுக்குப் பின்னால் ஈன்று பதினொரு நாளான பசு. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"இந்த ஒண்ட மட்டும் உடு மச்சான். கண்டுக்குப் பால் இல்ல. வெட்டின வயலுக்க இனிக் கரம்ப ஒண்டுமில்ல. உள்ளுக்க புல்லு முழங்காலுக்கு நிக்கிது, வெளிய மாடு சாகுது. இதென்ன ஞாயம்?"

"ஒண்ட உட்டா, சங்கத் தலைவர்ர மச்சான்ட மாடு மட்டும் திங்கலாமா எண்டு நாளைக்கு அத்தின பேரும் வருவானுகள். இன்னும் நாலு நாள் பொறு."

அறுவடை முடிந்ததும் மாடுகளை வெட்டிய வயலில் விட வேண்டும்; அடுத்த விதைப்புவரை அறுபது நாள் மேய்ச்சல் தரையை அடைத்துப் புல்லைத் தலையெடுக்க விட வேண்டும். மாட்டு வைத்தியர் சொல்லிக்கொடுத்த முறை இது. அதற்கு முன் மாடுகள் வருசம் முழுக்க மேய்ந்து மொட்டையாய்க் கிடந்த தரை. மாட்டுப்பட்டி வைத்திருக்கும் இருபத்தேழு பேரோடும் சண்டை பிடித்துத்தான் சங்கத் தலைவரான மீராசா இதற்குச் சம்மதம் வாங்கியிருந்தான். வயலில் விதைப்புத் தொடங்கிவிட்டால் அறுநூறு மாட்டுக்கும் போக வேறு இடமில்லை.

"ஒனக்கு நெஞ்சா, கல்லா? ஹாஜறாக்கிட்டச் சொல்றன், ஒன்ட காக்கா எப்பிடிப்பட்ட ஆளெண்டு."

"சொல்லு. அவளுக்குத் தெரியாததா?"

அப்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் இஹ்ஸான் என்ற இளம் உத்தியோகத்தன். மூன்று கிழமையாக வந்து படம் எடுத்துப் போகிறவன். புல்லைப் பார்க்க ஆள் அனுப்புவதாக வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் வரும்போதெல்லாம் அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான் மீராசா.

இஹ்ஸான் புல்லுக்குள் இறங்கி நடந்தான். "சாணி ஒண்டையும் காணல்லயே காக்கா?"

"எப்பிடிக் கிடக்கும் சேர்? ஐம்பத்தாறு நாள்! ஒரு மாடு நுழையல்ல. சொந்த மச்சான்ட பசுவயே மறிச்சி வெச்சிரிக்கன். கேட்டுப் பாருங்க!"

"ஓம் சேர்," என்றான் சாலிஹ் கசப்போடு. "ஈவிரக்கம் இல்லாத மனிசன்."

"அத எழுத்துல தருவீங்களா?" என்று மீராசாவைக் கேட்டான் இஹ்ஸான்.

"தாராளமா!"

வெயிலில் குந்தியிருந்து மீராசா எழுத்துக்கூட்டி எழுதினான். வேண்டா வெறுப்பாய்ச் சாலிஹும் சாட்சிக்குக் கையெழுத்து வைத்தான்.

"மத்த ஊர் ஆக்களுக்கும் இதக் காட்டுங்க சேர். மாட்டாஸ்பத்திரியில டொக்டருக்கு என்ட ஸலாமச் சொல்லுங்க."

தாளை மடித்துக்கொண்டிருந்த இஹ்ஸான் நிமிர்ந்தான்.

"மாட்டாஸ்பத்திரியா? நான் காணிக் கந்தோர் உத்தியோகத்தன், காக்கா."

மீராசா தாளை நோக்கிக் கையை நீட்டினான்.

"இது மாடு மேயிற தரையா, சும்மா கிடக்கிற தரையா எண்டு பாக்கத்தான் என்னய அனுப்பினாங்க. சும்மா கிடக்குதெண்டு நீங்களே எழுதித் தந்துட்டீங்க. வாற போகம் வேளாண்மைக்குப் பிரிச்சுக் குடுத்துருவாங்க."