ஸ்வீடன் தூக்கம்

"குழந்தையைத் தூங்க வைக்கத் தெரிஞ்ச ஒரே இனம் உலகத்துலயே தமிழினம்தான். மத்தவனெல்லாம் பெத்துப் போட்டுட்டு, அதுவா தூங்கும்னு காத்துக்கிட்டிருக்கான்."

காலைச் சாப்பாட்டு மேசையில் இப்படி அறிவித்த நூர் அகமதுவின் கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. அவன் கடைசியாக ஓர் இரவை முழுசாகத் தூங்கியது மகள் இனாயா பிறப்பதற்கு முன்பு.

இனாயாவுக்கு ஏழு மாதம். தூளி கட்டிப் பார்த்தார்கள். ஃப்ரீமான்ட் வாடகை வீட்டின் அலமாரிக் கம்பி கையோடு வந்துவிட்டது. காரில் போட்டு லிவர்மோர் வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஃப்ரீவே முழுக்கத் தூங்கினாள், எக்ஸிட் எடுத்ததும் விழித்துக்கொண்டாள்.

ஆனால் இன்றைய கோபம் அதற்காக அல்ல. பக்கத்து வீட்டுக்குப் போன மாதம் குடிவந்த ஸ்வீடன்காரர்கள் மேல்.

"நேத்தும் அந்தப் புள்ளைய பேக்யார்டுல போட்டுட்டாங்க மெஹர். மாடி ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அவங்க வீட்டு ஸ்ட்ரோலர் வெளிய, பெத்தவ உள்ள. ஜனவரி குளிரு. இந்த ஊர்ல நாய்க்கே ஸ்வெட்டர் போடுறான்."

மெஹர் நிஷா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் மும்முரமாக இருந்தாள். "அவங்க ஊர்ல அப்படித்தானாம் மச்சான். பனி கொட்டும்போதே கம்பளியில சுத்தி வெளிய தூங்க வைப்பாங்களாம். காபிக் கடைக்குப் போனா ஸ்ட்ரோலரை வாசல்லயே நிறுத்திட்டுப் போவாங்களாம். சில்லுனு காத்து பட்டாதான் அசந்து தூங்குமாம்."

"யார் சொன்னா?"

"அன்னிகாதான். மத்தியானம் ஃபீகாவுக்குக் கூப்பிடுறால்ல? காபியும் பன்னும் வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்து பேசுறது. தினமும் செய்வாங்களாம். நல்லவ மச்சான். பையனை டே-கேர்ல விட்டுட்டு வந்து எனக்காகக் காபி போட்டு வெச்சிருப்பா."

"பையனுக்கு டே-கேர், சின்னதுக்குக் குளிர். நல்ல குடும்பம்." தட்டைத் தள்ளினான். "பன்னு திங்கிறதுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு நேரம். சனிக்கிழமை மட்டும்தான் புள்ளைங்களுக்கு மிட்டாயாம். விளையாட வந்த புள்ளைய ரூம்ல உக்கார வெச்சுட்டு, இவங்க மட்டும் குடும்பமா போய்ச் சாப்பிடுவாங்களாம். வீட்டுக்குள்ள ஷூ போட மாட்டாங்க, அது ஒண்ணுதான் உருப்படி. அதுவும் நம்மகிட்ட கத்துக்கிட்டதா இருக்கும்."

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது…"

"கோவிக்கத்தான் செய்வேன். இன்னைக்கும் அந்த வண்டி வெளிய நின்னா 911 அடிச்சுடுவேன்."

"போலீஸ் வந்தா புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"போகட்டும். பெத்தவங்களுக்கு அப்பதான் உறைக்கும்."

மெஹர் நிஷா சொல்ல வந்ததை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினாள். அவன் போன் போட்டுக் கிழிப்பதாகச் சொல்லி இதுவரை போடாதவர்கள் பட்டியல் பெரிது: வீட்டு ஓனர், இன்டர்நெட்காரன், மாமனார்.

மத்தியானம் அவள் வழக்கம்போலக் காபிக்குக் கிளம்பியதும் வீடு அமைதியானது. நூர் அகமது மாடியில் மீட்டிங்கில் உட்கார்ந்தான். இந்த ஒரு வாரமாகத்தான் மைக்கை அணைக்காமல் அவனால் பேச முடிகிறது.

ஜன்னலுக்குக் கீழே அதே வண்டி. மலைப் பக்கத்திலிருந்து இறங்கிய மூடுபனி வேலியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேல்மூடிக்கு அடியிலிருந்து, சாக்ஸ் போட்ட ஒரு குட்டிக் கால் மட்டும் போர்வையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காலைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. மேனேஜர் சேனாபதி ஏதோ சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடி, பக்கத்து வீட்டுக் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டே 911-ஐ அழுத்தினான்.

"என்ன அவசரம், சொல்லுங்கள்," என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

"பச்சைக் குழந்தையைக் குளிர்ல போட்டுட்டு உள்ள உக்காந்து காபி குடிக்கிறாங்க மேடம்." இவனும் ஆங்கிலத்தில்தான் சொன்னான், கோபம் மட்டும் தமிழில் இருந்தது.

சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அன்னிகா கையசைத்தாள். அவன் முறைத்தான். "இப்பக்கூடச் சிரிக்கிறாங்க மேடம். இதுங்களையெல்லாம் உள்ள தள்ளணும். புள்ளைய இவங்க கையில திருப்பிக் கொடுக்கவே கூடாது."

"சார், குழந்தை மூச்சு விடுகிறதா? பக்கத்தில் போய்ப் பாருங்கள்."

அவன் குனிந்து மேல்மூடியை விலக்கினான்.



"சார்? குழந்தை எப்படி இருக்கிறது?"

கன்னம் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை சின்னதாகக் குறட்டையே விட்டுக்கொண்டிருந்தது. "நல்லா… இருக்கு மேடம்," என்றான். அந்தக் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

வெளியே நீட்டியிருந்த காலை உள்ளே வைத்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். வண்டியை அங்குலம் அங்குலமாகக் காற்றுக்கு முதுகு காட்டும்படி திருப்பி, அங்கேயே வெளியிலேயே நிறுத்தினான். அன்னிகா கதவைத் திறக்கப் போனாள். உதட்டில் விரலை வைத்து, திறக்காதே என்று தலையாட்டினான்.

போனில் குரல் மாறியது. "சார், ஏன் கிசுகிசுக்கிறீர்கள்? உங்களை யாராவது மிரட்டுகிறார்களா?"

"இல்ல மேடம், என் பொண்ணு தூங்குறா."