ஒரு தினார் முத்திரை

"அஞ்சு பேர் செத்திருக்காங்க. முத்திரைப் பணம் எங்கேம்மா?"

வரி இன்ஸ்பெக்டர் துஹாமி, நனைந்த குடையைக்கூட மடக்காமல் என் ஜன்னலுக்கு முன்னால் நின்று கேட்டார்.

எங்கள் நகராட்சியில் யாரையும் அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் ஒரு தினார் முத்திரை ஒட்ட வேண்டும். முத்திரை விற்பவள் நான், முன்ஜியா. சீட்டு எழுதுபவர் பக்கத்து மேஜை லஸ்ஹர். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இரண்டும் அவர் கையில்.

ஜனவரியில் அடக்கச் சீட்டுக்கு நான் ஒரு முத்திரைகூட விற்கவில்லை. தலைநகர் தூனிஸிலிருந்து வந்த புள்ளிவிவரமோ எங்கள் ஊரில் ஐந்து சாவு என்கிறது. ஆக, ஐந்து பிணங்களின் காசை நான் வாயில் போட்டுக்கொண்டேனாம்.

சரியான விளக்கம் இல்லையென்றால் இன்றே சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இன்ஸ்பெக்டர் மிக மரியாதையாகச் சொன்னார்.

சாகாதவர்களுக்கு நான் எப்படி முத்திரை விற்பேன்? மலைக்குளிர் வருஷா வருஷம் நாலைந்து பேரையாவது கொண்டுபோகும் மாதம் அது. இந்த வருஷம் யாரையும் தொடவில்லை. ஊரே கமுக்கமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது.

வினை லஸ்ஹரின் பேனாவில் இருந்தது. மாதக் கணக்கில் இறப்புக் கட்டத்தில் அவர் சுழியம் போடவில்லை. சின்னதாக ஒரு கோடு கிழித்திருந்தார். கண் பட்டுவிடும் என்று பயந்திருப்பார் என நினைத்தேன். நானாக இருந்தாலும் கோடுதான் கிழித்திருப்பேன்.

கோட்டைப் படிக்கத் தெரியாத தலைமை அலுவலகக் கணினி, முந்தைய வருஷங்களின் சராசரியை எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. இன்ஸ்பெக்டரே அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, யாருமே சாகாத ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று என்னிடமே கேட்டார்.

லஸ்ஹர் தலை நிமிரவில்லை. மற்ற நாளாக இருந்தால் சும்மா இருக்கிற மனுஷரா அவர்? கோணலாக ஒட்டிய முத்திரையைப் பார்த்தால் சீட்டையே திருப்பி அனுப்புவார். பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் பதியாத தகப்பன்களை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுவார்.

ஆனால் பத்து நாளாக அவரை நாங்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

இன்ஸ்பெக்டர் வயதுவாரியாக வாசிக்க ஆரம்பித்தார். எழுபதுக்கு மேல் மூன்று பேர்.

வரிசையில் நின்றிருந்த பெரியவர் ஹம்தா கையைத் தூக்கினார். "அந்த மூணுல ஒண்ணு நான்தான்னு எழுதிக்குங்க சார். ஆனா முத்திரை ஒட்டின காகிதமா குடுங்க. என் பொண்டாட்டி வெறும் பேச்சை நம்ப மாட்டா."

கூடம் முழுக்கச் சிரிப்பு. இன்ஸ்பெக்டரின் மீசைகூட ஆடியது.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்று வாசித்தார். கசாப்புக்கடைக்காரர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்கும் சிரித்தோம்.

"ஒரு வயசுக்குள்ள, ஒண்ணு."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் லஸ்ஹர் பக்கம் திரும்பவில்லை.

நாற்காலி தரையில் உரசியது. லஸ்ஹர் எழுந்து நின்றார். எந்தக் குழந்தை என்று கேட்டார். பேர் தெரியாது, கணினி போட்டது என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

லஸ்ஹர் விரல் விட்டு எண்ணினார். ரொட்டிக்கடைக்காரர் மகன், நேற்று மார்க்கெட்டில் அழுதுகொண்டிருந்தான். டீச்சரம்மாவின் இரட்டைகள், இரண்டும் பல் முளைத்துக் கடிக்கின்றன. நான்காவது விரலையும் மடக்கினார். ஊரில் ஒரு வயதுக்குள் நான்கு குழந்தைகள், நான்கும் உயிரோடு இருக்கின்றன என்றார்.

இன்ஸ்பெக்டர் விடுகிற ஆளா? பிறப்புப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வருஷப் பக்கங்களைப் புரட்டினார். மூன்றுதான் இருந்தது.

லஸ்ஹர் பதிவேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார். பதிவதற்குச் சட்டம் கொடுத்த பத்து நாள் அன்றோடு முடிகிறது.

பிறந்த தேதி: ஜனவரி 31. பெயர்: யாமினா. தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினார்.

"எட்டு மாசத்துலயே பொறந்துட்டா. இதுல எழுதினா, அந்தப் பதிவேட்டுலயும் நானே எழுத வேண்டி வருமோன்னு இருந்தேன். இன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலேருந்து எடுத்து அவ அம்மா கையில குடுத்துட்டாங்க."

முதல் குலவை ரொட்டிக்கடைக்காரர் மனைவியுடையது. இரண்டாவது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், தொண்டை இன்னும் வலிக்கிறது. பெரியவர் ஹம்தா இன்ஸ்பெக்டரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிள்ளை பிறந்தால் ஊருக்குக் கொடுக்கிற, தேனும் நெய்யும் போட்டுக் கிண்டிய எள்ளுப் பாகைக் கொண்டுவர யாரோ மழையில் ஓடினார்கள். பத்து நாளாக எத்தனை வீட்டில் எள்ளை வறுத்து வைத்துக் காத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். ஐந்தை அடித்துவிட்டு, கணினிக்குப் புரியும்படி பெரிய சுழியமாகப் போட்டார்.

லஸ்ஹர் என் ஜன்னலுக்கு வந்தார். பிறப்புச் சான்றுக்கு ஒரு முத்திரை கேட்டு ஒரு தினாரை வைத்தார்.

கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. முத்திரையைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

அவர் பார்த்தார். திருப்பித் தரவில்லை.