வாய் கிழியாத மீன்கள்

"வாங்க சார், வாங்க! நீங்க வராம கயிறை அவுக்க மாட்டேன்னு பிடிவாதமா நிக்கிறேன்" என்று படகுக்காரர் படகுத்துறைக்கே ஏறி வந்து, வெள்ளைத் தொப்பிக்காரனின் தோளைத் தட்டினார். பத்து வருடப் பழக்கம் தெரிந்தது அந்தத் தட்டலில்.

இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கோடை பிறந்ததிலிருந்து ஒன்பது ஞாயிறுகள், விடிவதற்கு முன்பே ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நீலப் படகுல மீன் பிடிக்கப் போறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். போனதெல்லாம் பழைய அலுவலகத் தோழி ஒருத்தியின் இரண்டாம் மாடி வீட்டுக்கு. நீலப் படகை ஒரு விளம்பரத்தில் பார்த்ததோடு சரி. திரும்பும் வழியில் சந்தையில் மீன் வாங்கிப் பெட்டியை நிரப்பிக்கொள்வான்.

வியாழக்கிழமை மனைவி, "இந்த வாரம் நானும் வர்றேங்க" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "வாயேன்" என்றான்.

மறுநாள் படகுக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கெஞ்சினான். "வெள்ளைத் தொப்பி போட்டிருப்பேன். வாராவாரம் வர்ற ஆளு மாதிரி பழகுங்க. என் குடும்பம் உங்க வாயிலதான் இருக்கு."

"விடுங்க சார். கடல்ல எனக்குத் தெரியாத பொய்யா?" என்று அவர் சிரித்தார்.

இப்போது, காரைப் பூட்டிவிட்டு மனைவி பின்னால் வந்து சேர்ந்தாள். பழைய சமையலறைத் திரையை வெட்டி அவளே தைத்த மஞ்சள் பூப்போட்ட பை தோளில் தொங்கியது.

"இவதான் என் வீட்டுக்காரி" என்றான்.

படகுக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். 'சொதப்பிடாதய்யா' என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

"வணக்கம்ணே. இவரு உங்களைப் பத்தி அவ்வளவு சொல்லியிருக்காரு" என்றாள் அவள்.

"அப்படியாம்மா?" என்று அவர் பிடரியைச் சொறிந்துகொண்டே எஞ்சினைக் கிளப்பப் போனார்.

படகு நகர்ந்ததும் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. இரண்டாம் மாடிதான். எடுக்காமல் அமுக்கினான். மறுபடி அதிர்ந்தது. கரை எப்போது மறையும், சிக்னல் எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், இடம் மாறினான்.

"என்னங்க, உங்க படகுதானே? புது மாப்பிள்ளை மாதிரி நெளியுறீங்க?"

"காத்து ஒரு மாதிரி இருக்கு. அதான்."

நங்கூரம் போட்டதும் படகுக்காரர் மேல்தட்டிலிருந்த கட்டைப் பிரித்து அவனுக்கொரு தூண்டில் கொடுத்தார். அவளுக்கு மட்டும் எஞ்சின் அறைக்குள் போய் ஒன்றை எடுத்து வந்தார். அதன் கைப்பிடியில் மஞ்சள் பூப்போட்ட துணி சுற்றியிருந்தது. பெண்கள் கை நோகாமலிருக்க ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்தான். அவன் கவலை அவனுக்கு.

தூண்டிலை அவன் தலைகீழாகப் பிடித்திருந்தான். படகுக்காரர் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் திருப்பிவைத்தார். அடுத்த கால் மணி நேரத்தில் அவன் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தான்.

"ஒம்பது வாரமா ஒண்ணும் பண்ணலையே, இன்னைக்கு என்ன?" என்று முதுகைத் தடவினாள்.

"சாருக்கு எப்பவாவது இப்படி ஆகும்மா" என்று படகுக்காரர் முந்திக்கொண்டார். சொன்னது அவளிடம், பார்வை மட்டும் கடலில் இருந்தது.

அவளுக்கு மூன்று மீன் விழுந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை.

"முதல் தடவையே இப்படி அள்ளுறியே, என்ன ராசி உனக்கு!" என்றான்.

அவள் மூன்றாவது மீனின் வாயைத் திருப்பிப் பார்த்தாள். முள் குத்திய இடம் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"ஏங்க, தூண்டில்ல மாட்டினா வாய் இப்படிக் கிழியுமா?"

"கிழியும்."

"நீங்க கொண்டுவந்த மீனையெல்லாம் நான்தானே கழுவினேன்? ஒண்ணுக்குக்கூட வாய் கிழியலையே."

"அது… பெரிய மீனுக்குக் காயம் தெரியாது. இல்லண்ணே?"

படகுக்காரர் எங்கோ பார்த்தபடி, "தெரியாது, தெரியாது" என்றார்.

அவள் தலையாட்டினாள். கரை நெருங்க நெருங்க அவனுக்கு உயிர் வந்தது. தப்பித்தாயிற்று. சிக்னலும் வந்தது, இரண்டாம் மாடியிலிருந்து நான்கு செய்திகள் வரிசையாக விழுந்தன. திரையைத் தொடையோடு கவிழ்த்துக்கொண்டான்.

படகுத்துறையில் ஏறி நின்றதும் அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"இவ்வளவு வாந்தி எடுத்திருக்கீங்க. அடுத்த ஞாயிறு எனக்காக வீட்டுல இருங்களேன்."

ஒரு நொடி யோசித்தான். சட்டைப்பையில் கைபேசி மறுபடி அதிர்ந்தது.

"அடப் போடி. இந்தக் கடலை விட்டுட்டு என்னால ஒரு வாரம் இருக்க முடியுமா?"

"சரி" என்றாள். தொப்பி சரிந்திருந்தது, நேராக்கிவிட்டாள். பிறகு பூப்போட்ட பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அண்ணே, என் தூண்டிலை எப்பவும் வைக்கிற இடத்துலயே வச்சிருங்க, அடுத்த ஞாயிறும் நான் தனியாத்தான் வருவேன்."